ஸ்விட்சுக்குள் யார் யார் நுழையலாம்?

ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேச ஒரு புது ஆபீசுக்குப் போனால் ஃபயர்வாலைப் பற்றி நாம் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை, லைசென்ஸ் எப்போது முடிகிறது, எல்லாம் வரும். "சரி, ஸ்விட்சுக்குள் யார் யார் லாகின் பண்ணலாம்?" என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர், கேமரா கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டிதான் ஸ்விட்ச். சென்னையில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைகள், தி.நகரில் ஜவுளிக்கடைகள், பெருங்குடிப் பக்கம் சில மென்பொருள் அலுவலகங்கள், தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரி. அந்த ஒரு கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு.

இது ஏன் இத்தனை முக்கியம் என்று வாடிக்கையாளரிடம் விளக்க வேண்டியிருக்கிறது. ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைப் பார்க்கும். உள்ளே ஓடுவது முழுக்க ஸ்விட்ச் வழியாகத்தான் ஓடுகிறது. அதில் முழு அதிகாரத்தோடு நுழைந்தவர், பில்லிங் கம்ப்யூட்டரின் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டில் போவதை எல்லாம் இன்னொரு போர்ட்டுக்கு நகல் எடுக்கலாம். ஸ்பான் என்று அதற்கு ஒரு வசதியே இருக்கிறது. பழுது பார்க்க நாங்களும் பயன்படுத்துவதுதான். ஒரே ஸ்விட்சுக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பகுதிக்கு விலான் என்று பெயர்; விருந்தினர் வைஃபை ஓடும் விலானைக் கொண்டுபோய் சர்வர் விலானோடு சேர்க்கலாம். கேமரா ரெக்கார்டர் இருக்கும் போர்ட்டை ராத்திரி அணைத்துவிட்டு விடிவதற்குள் திரும்ப எழுப்பலாம். எந்த ஆன்டிவைரஸும் இதைப் பார்த்துக் கத்தாது.

பெரும்பாலான இடங்களில் இருப்பது ஒரே ஒரு பாஸ்வேர்டு. ஸ்விட்ச் மாட்டியிருக்கும் ராக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருப்பார்கள். முன்பு ஏ.எம்.சி. பார்த்தவருக்குத் தெரியும், அவரிடம் வேலை பார்த்து விலகிய பையன்களுக்குத் தெரியும், கேமரா மாட்ட வந்தவருக்குத் தெரியும், இன்டர்நெட் லைன் கொடுத்தவருக்கும் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது சாவி, ஐடி கார்டு, லேப்டாப் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். மண்டையில் இருக்கிற பாஸ்வேர்டை எப்படி வாங்குவது? மாற்றத்தான் முடியும். ஆனால் பொதுப் பாஸ்வேர்டை மாற்றினால் பாக்கி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை.

தி.நகரில் ஒரு கடையில் ஆடித் தள்ளுபடி சமயம் இரண்டாவது மாடி பில்லிங் கவுன்ட்டர்கள் முழுக்க நின்றுபோயின. போய்ப் பார்த்தால் அந்த மாடிக்குப் போகும் டிரங்க் போர்ட்டில் (பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் போர்ட்) விலான் எண்களை யாரோ மாற்றியிருந்தார்கள். சரிசெய்வது சுலபம். யார் செய்தது என்று பார்த்தால் ஸ்விட்சின் நிகழ்வுப் பதிவான லாகில் 'அட்மின்' என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் நுழையக்கூடியவர்கள் அரை டஜனுக்கு மேல். கடைக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து விசாரித்தார்; ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணாத குறை. வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, புது கேமராவுக்கு இடம் தேடிய யாரோ கை வைத்திருக்கலாம். ஆனால் அன்று அந்த அறையில் செய்யாதவர்கள் எல்லோரும் சந்தேகத்தோடு நின்றார்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. தனித்தனிப் பெயர் என்பது திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை. நேர்மையாக வேலை பார்ப்பவனைக் காப்பாற்றவும் அதுதான் வழி.

அதனால் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். ஆளுக்கு ஒரு யூசர்நேம். லைன் (ஸ்விட்சுக்குள் நுழையும் வழி) கட்டமைப்பில் வெறும் 'லாகின்' என்று இருப்பதை 'லாகின் லோக்கல்' என்று மாற்றினால் ஸ்விட்ச் பாஸ்வேர்டோடு பெயரையும் கேட்கும். கேமராக்காரருக்கு ஒரு போர்ட் எழுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பார்க்கும் அளவுக்குத்தான் உரிமை. முழு அதிகாரமான லெவல் 15 எதற்கு?

இங்கே சிஸ்கோ கம்பெனி ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யூசர்நேமுக்குப் பின்னால் 'பாஸ்வேர்டு' என்றும் கொடுக்கலாம், 'சீக்ரெட்' என்றும் கொடுக்கலாம். முன்னதைக் கொடுத்தால் கட்டமைப்புக் கோப்பில் எழுத்து எழுத்தாக அப்படியே தெரியும். 'சர்வீஸ் பாஸ்வேர்டு-என்கிரிப்ஷன்' போட்டுவிட்டேன், இப்போது எல்லாம் குழப்பமான எழுத்தாகத்தான் தெரிகிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது டைப் 7 என்ற மறைப்பு முறை. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அது உதவும்; அதைத் திருப்பி அசல் பாஸ்வேர்டாக்கும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு, ஒரு நொடிகூட ஆகாது. 'சீக்ரெட்' கொடுத்தால் பழைய ஸ்விட்சுகளில் எம்டி5 என்ற ஒருவழிக் கணக்கீட்டின் அடிப்படையிலான டைப் 5 வரும். அதைத் திருப்ப முடியாது, ஆனால் இன்றைய கணினி வேகத்தில் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்து உடைத்துவிடலாம். புதிய மென்பொருளில் டைப் 8, டைப் 9 இருக்கின்றன. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2022 பிப்ரவரியில் வெளியிட்ட குறிப்பில் டைப் 8-ஐத்தான் பரிந்துரைத்தது. உங்கள் ஸ்விட்சில் டைப் 4 என்று கண்ணில் பட்டால் உடனே மாற்றுங்கள். டைப் 5-ஐவிட வலுவாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். செயல்படுத்தியதில் குறை நேர்ந்து, அதைவிட பலவீனமாகிவிட்டது என்று 2013-ல் சிஸ்கோவே அறிவித்தது.

கோப்பில் என்ன தெரிகிறது என்பதில் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பார்கள். ஸ்விட்ச் கட்டமைப்பை யாரும் ஸ்விட்சிலேயே வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பேக்கப் என்று பென்டிரைவில் போகும், மெயிலில் போகும், "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் எனக்கே வந்திருக்கிறது.

அடுத்தது டெல்நெட், தூரத்திலிருந்து ஸ்விட்சுக்குள் லாகின் பண்ணும் பழைய முறை. 2020-களிலும் டெல்நெட்டா என்று கேட்காதீர்கள், நிறைய இருக்கிறது. 1983-ல் ஆர்எஃப்சி 854 என்ற இணையத் தர ஆவணமாக வந்த நெறிமுறை. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் மறைக்கப்படாமல் கேபிளில் போகும். கல்லூரியில் இதை மாணவர்களுக்குக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. நெட்வொர்க்கில் போவதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து, ஒரு பையனை டெல்நெட்டில் லாகின் பண்ணச் சொல்லி, 'ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்' அழுத்தினால் அவன் போட்ட பாஸ்வேர்டு அப்படியே திரையில் நிற்கும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும், எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச் பிறந்ததே அப்படித்தான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளிவிட, அங்கே இருந்த டாட்டு யூலோனென் எழுதியது அது.

டெல்நெட்டில் ஒட்டுக்கேட்பது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் ஊடுருவல் கருவிகளைப் பற்றிய 'வால்ட் 7' ஆவணங்களை வெளியிட்டது. அவற்றை ஆராய்ந்த சிஸ்கோ, தன் ஸ்விட்ச் மாடல்களில் 300-க்கும் மேற்பட்டவற்றில் ஓர் ஓட்டை இருப்பதாகச் சொன்னது. டெல்நெட் இணைப்பு ஏற்கும் ஸ்விட்ச் என்றால் பாஸ்வேர்டே இல்லாமல் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடலாம். திருத்தம் வருவதற்கு முன் அவர்கள் முக்கியமாகச் சொன்னது, டெல்நெட்டை அணையுங்கள் என்பதுதான். முன்னாடியே அணைத்து வைத்திருந்தவர்கள் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எஸ்எஸ்ஹெச் ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஸ்விட்சுக்கு ஒரு ஹோஸ்ட்நேம், ஒரு டொமைன் பெயர், பிறகு குறியாக்கத்துக்கான ஆர்எஸ்ஏ சாவி. 2048 பிட்டுக்குக் குறையாமல். வெர்ஷன் 2 மட்டும் என்று அமைத்துவிடுங்கள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளில் சில நேரம் சாவி உருவாக்கும் கட்டளையே இருக்காது. மென்பொருள் கோப்பின் பெயரில் 'கே9' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதில் குறியாக்கம் கிடையாது. வாங்கும்போதே கடையில் பவர் போட்டு இதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அப்புறம் விடிஒய் லைன்கள், அதாவது நெட்வொர்க் வழியாக ஸ்விட்சுக்குள் நுழையும் கதவுகள். பலர் 0 முதல் 4 வரை உள்ள லைன்களில் எஸ்எஸ்ஹெச் மட்டும் ஏற்கச் சொல்லும் 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்' போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஸ்விட்சில் 5 முதல் 15 வரை இன்னொரு தொகுதி இருக்கிறது. முதல் ஐந்து இணைப்புகளும் நிரம்பிவிட்டால் ஆறாவதாக வருபவர் அந்தக் கதவில் வந்து நிற்பார், அங்கே பழைய டெல்நெட்டும் பழைய பாஸ்வேர்டும் காத்திருக்கும். நான் கை வைக்கும் ஸ்விட்சுகளில் அதிகம் பார்க்கும் குறை இதுதான். 'எக்ஸெக்-டைம்அவுட் 0 0' என்று போட்டிருப்பதும் அதே மாதிரி. ஒருமுறை நுழைந்தால் வெளியேற்றவே மாட்டாது. சும்மா விட்டால் 10 நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும் ஸ்விட்சை, அடிக்கடி லாகின் பண்ணச் சோம்பல்பட்டு யாரோ அப்படி மாற்றியிருப்பார்கள்.

யார் என்பதற்கு அடுத்து, எங்கிருந்து. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் இருந்து ஸ்விட்சின் லாகின் திரை வரவே கூடாது. நிர்வாகத்துக்கென்று தனி விலான் ஒன்று வைத்து, ஸ்விட்சின் ஐபி முகவரியை அதில் போட்டு, 'ஆக்சஸ்-கிளாஸ்' மூலம் அந்த விலானில் இருந்து வரும் இணைப்பை மட்டும் விடிஒய் லைன்களில் ஏற்கச் செய்கிறேன். எல்லா போர்ட்டும் இயல்பாகவே விலான் 1-ல்தான் இருக்கும் என்பதால் நிர்வாகத்தை அதில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. யார் எந்தக் கேபிளைச் செருகினாலும் நேராக அங்கே போய் நிற்பார்.

ஆக்சஸ்-கிளாஸ் போடும்போது நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும் அபாயம் உண்டு. அதுவும் ஸ்விட்ச் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து, நாம் வில்லிவாக்கத்தில் இருந்தால் ராத்திரியில் ஒரு பயணம் நிச்சயம். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நடப்புக் கட்டமைப்பைச் சேமித்துவிட்டு, மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். மாற்றுங்கள். இருக்கிற ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் பண்ணிப் பாருங்கள். நுழைய முடிந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். முடியாமல் மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுபடி எழுந்து பழைய கட்டமைப்புக்குத் திரும்பிவிடும். மாற்றியதைச் சோதிக்கும் முன் சேமித்தால் மட்டும் இந்த உபாயம் பலிக்காது. கடை நடக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து என்பதில் பெரிய சோதனை மழைக்காலத்தில்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, அம்பத்தூர் எஸ்டேட் எல்லாம் தண்ணீரில் நின்றன. ஆள் போக முடியாது, ஆனால் சில இடங்களில் மேல் மாடியில் யுபிஎஸ்ஸில் ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நாட்களில் "சார், ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டு வெளியிலிருந்தே நேராக ஸ்விட்சைத் திறந்துவிடுங்கள், தண்ணீர் வடிந்ததும் எடுத்துவிடலாம்" என்று கேட்பார்கள். அவசரத்தில் கேட்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தற்காலிகமாகத் திறந்த போர்ட்டைத் தண்ணீர் வடிந்த பிறகு யாரும் நினைவாக மூடுவதில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் குறியாக்கப்பட்ட பாதை) தயாராக இருக்க வேண்டும். விபிஎன் வழியாக உள்ளே வந்து, நிர்வாக விலானுக்கு வந்து, பிறகு எஸ்எஸ்ஹெச். செப்டம்பர் வந்தால் என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நான் இதைச் சோதித்துவிடுகிறேன்.

ஸ்விட்சை பிரவுசரில் திறந்து நிர்வகிக்கும் வெப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: பயன்படுத்தவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் இரண்டையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிஸ்கோ கருவிகளின் ஐஓஎஸ் எக்ஸ்இ என்ற இயக்க மென்பொருளின் வெப் பக்கத்தில் வந்த ஓட்டைக்கு தீவிர அளவு 10-க்கு 10. எந்த லாகினும் இல்லாமல் வெளியாள் தனக்கென்று லெவல் 15 கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். இணையத்தை நோக்கி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான கருவிகள் மாட்டின. புது ஸ்விட்சைத் தானாக அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியும் அப்படியே, டிசிபி 4786 என்ற இணைப்பு எண்ணில் தானாகத் திறந்திருக்கும். 'நோ விஸ்டாக்' கொடுத்து மூடுங்கள். ஸ்விட்சைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பி-யில், பாஸ்வேர்டு மாதிரி வேலை செய்யும் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற பெயர்கள் இருந்தால் எடுத்துவிட்டு வெர்ஷன் 3-க்குப் போங்கள். வெப் பக்கம் மட்டுமே உள்ள சிறிய ஸ்விட்சுகளில், உதாரணமாக டி-லிங்கின் ஸ்மார்ட் வகைகளில், 10.90.90.90 என்ற முகவரியும் 'அட்மின்' என்ற பாஸ்வேர்டும் பெட்டியில் இருந்து எடுத்தபடியே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அது உலகத்துக்கே தெரிந்த முகவரி.

ராக் எங்கே இருக்கிறது என்பதும் இதில் சேர்த்திதான். கேட்டலிஸ்ட் 2960 மாதிரி ஸ்விட்சில் முகப்பில் இருக்கும் 'மோட்' பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போகும் வழி திறக்கும். பாஸ்வேர்டு மறந்தவருக்காக வைத்த வழி. ராக்கைப் பூட்டாமல், தண்ணீர் கேன் அடுக்கும் அறையில் வைத்திருந்தால் அது எல்லோருக்குமான வழி. அந்த மீட்பு வசதியையே அணைக்க ஒரு கட்டளை உண்டு. சிறிய நிறுவனங்களில் நான் அதைப் போடுவதில்லை; பூட்டும் சாவியும் போதும், சாவி ஒருவர் பொறுப்பில் இருந்தால். நேரில் கேபிள் செருகி நிர்வகிக்கும் கன்சோல் போர்ட்டுக்கும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

கல்லூரி மாதிரி ஸ்விட்சுகள் நிறைய உள்ள இடத்தில் ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு பெயர் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அங்கே டக்காக்ஸ் பிளஸ் அல்லது ரேடியஸ் சர்வர், அதாவது எல்லா ஸ்விட்சுகளின் லாகினையும் ஓரிடத்தில் சரிபார்க்கும் சர்வர். ஸ்விட்ச் நிர்வாகத்துக்கு எனக்கு டக்காக்ஸ் பிளஸ் பிடிக்கும். யார் என்பதை மட்டும் இல்லாமல், எந்தெந்தக் கட்டளையைக் கொடுக்கலாம் என்று கட்டளை கட்டளையாக அனுமதிக்கலாம், கொடுத்ததை எல்லாம் பதிவு செய்யலாம். ஒருவர் விலகினால் ஓரிடத்தில் பெயரை எடுத்தால் போதும். சர்வர் விழுந்தால் நுழைய ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு உள்ளூர்க் கணக்கு கட்டாயம் வேண்டும்.

பதிவு என்றதும் நேரம் ஞாபகம் வருகிறது. நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி அமைக்காத பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் பவர் போய் வந்தால் 1993 மார்ச் 1 என்று தேதி காட்டும். தனிப் பெயர் கொடுத்து, லாகும் எடுத்து, கடைசியில் எல்லாச் சம்பவமும் 1993-ல் நடந்ததாக இருந்தால் என்ன பயன்? இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஸ்விட்சின் உள்நினைவில் இருக்கும் லாக் ஒரு ரீஸ்டார்ட்டில் காணாமல் போய்விடும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, லாகுகளை வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் ஓடவிட்டாலே ஒரு கடைக்குத் தாராளம்.

முதலாளிகளிடம் தான் பேச்சு நீளும். "நான் கடைக்கு முதலாளி, எனக்கே பாஸ்வேர்டு இல்லையா தம்பி? நாளைக்கு நீங்க ஊர்ல இல்லைன்னா?" என்று தி.நகர் அண்ணாச்சி கேட்டது முழுக்க நியாயம். நெட்வொர்க் அவருடையது, என்னுடையது இல்லை. ஏ.எம்.சி.காரர் பாஸ்வேர்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கடையைப் பிணையாக்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான தொழில் நடத்தை எனக்குத் தெரியவில்லை. அதனால் அவசரத்துக்கென்று முழு அதிகாரமுள்ள கணக்கு ஒன்று தனியாக உருவாக்கி, நீண்ட பாஸ்வேர்டு வைத்து, காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அவர் பீரோவில் வைத்துவிடுகிறேன். அந்தக் கணக்கில் யார் நுழைந்தாலும் சிஸ்லாகில் இருந்து அவருக்கும் எனக்கும் மெயில் வரும். உறை பிரிக்கப்பட்டால் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து பிரித்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுகிறோம். அதே உட்காரலில் பெயர்ப் பட்டியலையும் அவரிடம் வாசித்துக் காட்டுவேன். "இவர் போன மாசமே நின்னுட்டாரே" என்று அவர் சொன்னால் அங்கேயே அந்தப் பெயரை எடுத்துவிடுவேன்.

ஸ்விட்சை விற்கும்போதும், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும் இது பொருந்தும். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பவர் போட்டால் முந்தைய ஆபீசின் பெயர், விலான்கள், யூசர்நேம்கள், டக்காக்ஸ் சாவி எல்லாம் அப்படியே எழுந்து வருவதுண்டு. கொடுப்பதற்கு முன் ஆர்எஸ்ஏ சாவிகளை அழியுங்கள், ஸ்டார்ட்-அப் கட்டமைப்பை அழியுங்கள், ஃபிளாஷில் தனியாக உட்கார்ந்திருக்கும் விலான் கோப்பையும் அழியுங்கள், அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஃபிளாஷில் யாராவது பழைய பேக்கப் நகல் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பட்டியல் எடுத்துப் பாருங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பக் கட்டமைப்பைக் கேட்கும் கேள்வி திரையில் வந்தபின் பெட்டியில் போடுங்கள்.